காசுக் கதவும் கணக்கு வாத்தியார் இல்லாத வகுப்பும்

(கொட்டாஞ்சேனையில் நடைபெற்ற எமது சங்கத்தின் கொழும்புக் கிளைக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை. பேச்சாளர் தோட்டப் பாடசாலை ஆசிரியர், சங்க அமைப்பாளர்களில் ஒருவர்.)



"சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் தனியார் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசப் போறீங்களாமே சேர், அதுக்கும் நமக்கும் என்ன?" என்று வாசலிலேயே ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பாதிப் பேராவது ஊருக்குக் காசு அனுப்புவது தம்பியின் படிப்புக்காக, அல்லது தங்கையின் படிப்புக்காக. உயர்தரப் பரீட்சை முடிவு வந்த வாரமே அந்தத் தம்பியின் கைபேசிக்குச் செய்தி வருகிறது. "மூன்று எஸ் இருந்தால் போதும், பட்டம் உங்கள் கையில்" என்கிறார்கள். காலி வீதியில் வெள்ளவத்தைப் பக்கம் போனால் அதே சங்கதி பெரிய விளம்பரப் பலகையில் தொங்குகிறது. தம்பி உங்களுக்குத்தான் கோல் எடுக்கிறான். "அண்ணா, கட்டலாமா?" என்று கேட்கிறான். அந்தக் கேள்விக்கு நீங்கள் சொல்லப்போகும் பதிலில்தான் உங்கள் அடுத்த ஐந்து வருடச் சம்பளம் இருக்கிறது. ஆகவே இது சம்பளத்தைப் பற்றிய பேச்சுத்தான்.

முதலில் அரச பல்கலைக்கழகத்தின் வாசலைப் பார்ப்போம். உயர்தரத்தில் மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தி, பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளி. இவ்வளவும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கத்தான் முடியும், இடம் கிடைக்கும் என்று இல்லை. தகுதி பெறுகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் இடம். 2001 தொடக்கம் இசட் புள்ளியை வைத்துத் தெரிவு செய்கிறார்கள். கலைப்பிரிவுக்கு அகில இலங்கைத் திறமை வரிசை மட்டும். மற்றப் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட சனத்தொகைக்கு ஏற்ப, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் அந்தப் பதினாறில் இருக்கின்றன.

இதைக் கேட்டதும் கொழும்பில் சிலர் சொல்வார்கள்: "உங்களுக்குக் குறைந்த புள்ளியில் இடம் தருகிறார்களே, பிறகென்ன?" இதற்கு நாங்கள் நிதானமாகப் பதில் சொல்லப் பழக வேண்டும். ஒன்று, கோட்டா மாவட்டத்துக்குரியது, தோட்டத்துக்குரியது இல்லை. நுவரெலியா மாவட்டத்து இடங்களுக்கு, எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் உள்ள நகரப் பாடசாலைப் பிள்ளையும், பௌதிகவியலுக்கு ஆசிரியரே இல்லாத தோட்டப்புறப் பாடசாலைப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இரண்டு, எங்கள் பிள்ளை அந்த வரிசைக்கு வருவதற்குள்ளேயே பாதி வழி அடைக்கப்பட்டுவிடுகிறது. தமிழ் மொழிமூலம் உயர்தர விஞ்ஞானமும் கணிதமும் ஒழுங்காக நடக்கும் பாடசாலைகள் மலையகத்தில் மிகக் குறைவு. தோட்டத்திலிருந்து நகரத்துக்குப் போகும் பஸ் காசுக்கே வழியில்லாத வீட்டுப் பிள்ளை, வைத்தியராக ஆசை இருந்தாலும் கலைப்பிரிவில்தான் உட்கார வேண்டும். கலைப்பிரிவுக்கோ மாவட்டக் கோட்டா இல்லை. கோட்டா எந்தக் கதவில் இருக்கிறதோ அந்தக் கதவுக்குப் போகப் பாதை இல்லை. பாதை உள்ள கதவில் கோட்டா இல்லை.

இலவசக் கல்வி 1945இல் கன்னங்கராவின் காலத்தில் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். இடையில் போன மூன்று தசாப்தம் எங்கள் பாட்டன், தாத்தாவின் காலம். அந்தக் கடனை இந்த நாடு இன்னும் தீர்க்கவில்லை. 5 வீதக் கோட்டா என்பது அதற்கு வட்டியின் ஒரு துண்டு.

இனி அடுத்த வாசல். காசு கட்டிப் படிக்கும் உயர்கல்வி இந்த நாட்டுக்குப் புதிதில்லை. 1981இல் ராகமையில் வடகொழும்பு மருத்துவக் கல்லூரி தொடங்கியது. கட்டணம் கட்டக்கூடியவர்களுக்கான கல்லூரி அது. அதற்கு எதிராக மாணவர்கள் வருடக்கணக்காகப் போராடினார்கள். 1989இல் அரசு அதைப் பொறுப்பேற்றது. பிறகு அதுதான் களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமாயிற்று.

அடுத்தது மாலபேயில் 2008இல் தொடங்கிய சைட்டம். 2011இல் மருத்துவப் பட்டம் வழங்கும் அதிகாரம் வர்த்தமானி மூலம் கொடுக்கப்பட்டது. ஆனால் அங்கே கிடைக்கும் நோயாளர் பயிற்சி போதாது என்று இலங்கை மருத்துவச் சபை பட்டதாரிகளைப் பதிவு செய்ய மறுத்தது. அரச மருத்துவ அதிகாரிகள் சங்கமும் பல்கலைக்கழக மாணவர்களும் தெருவில் இறங்கினார்கள். 2017 ஜனவரி 31இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சைட்டம் மாணவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அதன் பிறகு போராட்டம் இன்னும் சூடு பிடித்தது. அரச மருத்துவ பீட மாணவர்கள் பல மாதங்கள் விரிவுரைகளைப் புறக்கணித்தார்கள். அந்த வருடக் கடைசியில் சைட்டத்தை ஒழிப்பதாக அரசு அறிவித்தது. 2018இல் அங்கே படித்தவர்களைக் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதே வருடம் செப்டம்பரில் மருத்துவச் சபையின் மேன்முறையீட்டை உயர் நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது.

இந்தக் கதையில் யார் பக்கம் நியாயம் என்று இன்றைக்கும் வாதாடலாம். நான் வேறொன்றைக் கேட்கிறேன். அதிகாரம் கொடுத்தது அரசு. பட்டத்தை ஏற்க மறுத்தது சட்டப்படி அமைந்த இன்னொரு சபை. நடுவில் நின்றது காசு கட்டிய பிள்ளை. வசதியுள்ள வீடு என்றால் நாலைந்து வருடம் காத்திருக்கும், வழக்குப் போடும், முடியாவிட்டால் வெளிநாட்டுக்கு அனுப்பும். எங்கள் வீடு என்றால்? தாலிக்கொடி அடகுக் கடையில், சீட்டுக் காசு போய்விட்டது, அண்ணன் புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறான், பட்டம் செல்லுமா செல்லாதா என்று நீதிமன்றத்தில் வழக்கு. கட்டணத்தை மட்டும் பார்த்து "எங்களால் முடியுமா" என்று கணக்குப் போடுகிறோம். அந்தக் கட்டணத்தோடு சேர்த்து ஒரு ஆபத்தையும் நாங்கள் வாங்குகிறோம். அந்த ஆபத்தின் விலை பணக்காரனுக்குக் குறைவு, எங்களுக்குக் கூட.

இப்போது தகுதியைப் பற்றி. சைட்டத்தை எதிர்த்தவர்கள் "குறைந்த புள்ளி எடுத்தவன் காசு கொடுத்து வைத்தியராவதா" என்று கேட்டார்கள். சரியான கேள்வி. ஆனால் அதே வாய் சில நேரம் "நுவரெலியாவிலிருந்து குறைந்த புள்ளியில் வந்தவன்" என்றும் சொல்லும். இந்த இரண்டு குறைந்த புள்ளியையும் ஒரே தராசில் வைக்க நாங்கள் விடக் கூடாது. ஆசிரியரும் ஆய்வுகூடமும் இல்லாமல், மாலையில் தம்பியைப் பார்த்துக்கொண்டு, லயத்து அறையில் ஒரு விளக்கில் படித்து எடுத்த புள்ளி ஒன்று. ஐந்தாறு டியூஷனுக்குப் போய்விட்டு எடுத்த புள்ளி இன்னொன்று. மாவட்டக் கோட்டா முதலாவது பிள்ளைக்கு நேர்ந்த குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. காசு இரண்டாவது பிள்ளையின் எந்தக் குறையை ஈடுசெய்கிறது?

இன்னொரு பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். தனியார் நிறுவனத்தில் படிக்கிற எல்லோரும் பணக்காரப் பிள்ளைகள் இல்லை. வெட்டுப்புள்ளியில் மயிரிழையில் தவறியவர்கள், கேட்ட பாடநெறி கிடைக்காதவர்கள், எங்கள் உறுப்பினர்களின் பிள்ளைகள் கூட அங்கே இருக்கிறார்கள். நல்ல முறையில் படித்து நல்ல வேலைக்குப் போனவர்களும் உண்டு. அவர்களைப் பார்த்து "துரோகி" என்று சங்கம் சொல்லாது. நாலில் மூன்று பேரை வெளியே நிறுத்திவிட்டு, வெளியே நின்றவன் ஏன் பக்கத்துக் கடைக்குப் போனான் என்று கேட்பதில் நியாயமில்லை. அரச பல்கலைக்கழகத்தில் இடத்தைக் கூட்டு என்பதும், தனியார் நிறுவனத்தை ஒழுங்கில் வை என்பதும் ஒரே கோரிக்கையின் இரண்டு பாதி.

இனிக் கணக்கு. நான் கணக்கு வாத்தியார் இல்லை, ஆனாலும் எங்கள் பாடசாலையில் நான்தான் கணக்கும் எடுக்கிறேன். அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2017இல் அரசு ஒரு வட்டியில்லா மாணவர் கடன் திட்டத்தைத் தொடங்கியது. தெரிவு செய்யப்பட்ட அரசுசாரா நிறுவனங்களில் பட்டம் படிக்க, தொடக்கத்தில் கட்டணத்துக்கு 8 இலட்சம் ரூபா வரை, செலவுக்கு நாலு வருடத்துக்கு 3 இலட்சம் வரை என்று நிர்ணயித்தார்கள். வட்டியை அரசு கட்டும், முதலை மாணவர் கட்ட வேண்டும். அந்த 8 இலட்சத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2024இல் தீர்மானிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. ஈ.பீ.எப் 8 வீதம், அதாவது 108 ரூபா போனால் கையில் 1,242. எட்டு இலட்சத்தை 1,242ஆல் பிரித்துப் பாருங்கள். ஏறக்குறைய 644 பேர். மாதம் 25 பேர் முழுதாக விழுந்தால் 26 மாதம். அரிசி வாங்காமல், மாவு வாங்காமல், கடைக் கடன் கட்டாமல், ஒரு நாளும் காய்ச்சலில் படுக்காமல் ஒரு அம்மா 26 மாதம் கொழுந்து பறிக்க வேண்டும். இதற்குப் பிறகு சம்பளத்தில் கூடியதைச் சேர்த்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. எட்டு இலட்சத்துக்கு மேல் கட்டணம் கேட்கும் பாடநெறிகளும் உண்டு. கொழும்பில் தங்குவதற்கு அறை வாடகை, சாப்பாடு, மடிக்கணினி எல்லாம் தனி.

வட்டி இல்லை என்பது நல்ல விஷயம். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் வங்கி பிணையாளர் கேட்கும். நிரந்தரச் சம்பளம், சம்பளச் சீட்டு உள்ள ஆள் வேண்டும். முப்பது வருடம் ஒரே மலையில் வேலை செய்த அம்மாவின் கையெழுத்து அங்கே போதாது. அதனால் பிள்ளைகள் யாரிடம் வருகிறார்கள்? தோட்டத்தில் இருக்கும் ஆசிரியரிடம். ஒரு ஆசிரியர் ஒருவருக்குப் போடலாம், இருவருக்குப் போடலாம். மூன்றாவது பிள்ளைக்கு அவருடைய சம்பளம் இடம் கொடுக்காது. எனக்கும் அந்த மூன்றாவது பிள்ளையைத் திருப்பி அனுப்ப நேர்ந்திருக்கிறது. தகுதி இருந்தது, கடனும் இருந்தது, கையெழுத்துத்தான் இல்லை. நுழைவுத் தகுதிப் பட்டியலில் எங்கேயும் எழுதப்படாத தகுதி இது: உன் குடும்பத்துக்குச் சம்பளச் சீட்டு உள்ள இரண்டு பேரைத் தெரிந்திருக்க வேண்டும்.

எழுதப்படாத இன்னொரு தகுதி ஆங்கிலம். அந்தக் கடனுக்கு ஆங்கிலத்தில் சித்தி வேண்டும். படிப்பும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆங்கில ஆசிரியர் வருடக்கணக்கில் இல்லாத பாடசாலையிலிருந்து வந்த பிள்ளை, காசு கட்டியும் முதல் வருடத்திலேயே தடுக்கி விழுகிறது. கட்டிய காசு திரும்பி வராது.

மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவில் ஹார்வர்ட் என்று ஒரு தனியார் பல்கலைக்கழகம். உலகத்திலேயே நுழைவது கடினமான இடங்களில் ஒன்று. கட்டணம் மலைபோல. ஆனால் பிள்ளையைத் தெரிவு செய்த பிறகு குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்கிறார்கள். குறைந்த வருமான வீட்டுப் பிள்ளை இலவசமாகப் படிக்கலாம். அதற்காக அதையும் கோயிலாக்க வேண்டாம். அப்படியான பெரிய பல்கலைக்கழகங்களில், ஒரே பரீட்சைப் புள்ளி எடுத்த நடுத்தர வீட்டுப் பிள்ளையைவிட மிகப் பெரிய பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்று 2023இல் அங்குள்ள பொருளியலாளர்களே கணக்குக் காட்டினார்கள். பழைய மாணவரின் பிள்ளைகளுக்குக் காட்டும் சலுகை அதில் பெரிய காரணம்.

தமிழ்நாட்டைப் பாருங்கள். அரியலூர் மாவட்டத்தில் சுமை தூக்கும் தொழிலாளி ஒருவரின் மகள் அனிதா. பன்னிரண்டாம் வகுப்பில் 1,200க்கு 1,176 எடுத்தவர். நீட் நுழைவுத் தேர்வு வந்ததால் மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 2017 செப்டம்பர் 1இல் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தத் துக்கம் அந்த மாநிலத்தையே உலுக்கியது. 2020இல் மருத்துவப் படிப்பில் 7.5 வீத இடங்களை அரச பாடசாலையில் படித்து நீட்டில் சித்தியடைந்த பிள்ளைகளுக்கு ஒதுக்கிச் சட்டம் செய்தார்கள். அந்த இடம் தனியார் கல்லூரியில் கிடைத்தாலும் கட்டணத்தை அரசு கட்டும் என்றார்கள். அடுத்த வருடம் பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் அதை விரித்தார்கள். தனியார் கல்லூரி இருக்கட்டும், அதன் கதவில் ஏழைப் பிள்ளைக்கு ஒரு பங்கு சட்டத்தால் வரட்டும், அந்தப் பங்கின் செலவை அரசு ஏற்கட்டும் என்பதுதான் அதன் சாரம். நீட் இன்னும் இருக்கிறது, பிரச்சினை தீரவில்லை. ஆனாலும் அது எங்களுக்கு ஒரு முன்மாதிரி.

ஆகவே எமது கோரிக்கைகள் நாலு.

முதலாவது, மலையகத்தின் ஒவ்வொரு கல்வி வலயத்திலும் தமிழ் மொழிமூல உயர்தர விஞ்ஞான, கணித வகுப்புகளுக்கு முழு ஆசிரியர் தொகுதி. நியமனம் வாங்கிக்கொண்டு ஆறு மாதத்தில் இடமாற்றம் போவதைத் தடுக்கும் ஏற்பாட்டோடு. இது நடக்காமல் மற்ற மூன்றும் நடந்தாலும் பயன் குறைவு.

இரண்டாவது, கட்டணம் வாங்கிப் பட்டம் தரும் ஒவ்வொரு நிறுவனமும் தன் குறைந்தபட்ச நுழைவுத் தகுதியையும், முதல் நாளிலிருந்து பட்டமளிப்பு வரை ஆகும் மொத்தச் செலவையும் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட வேண்டும்.

மூன்றாவது, தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மாணவர் கடனில் தனிநபர் பிணையை நீக்கி, அரசே பிணை நிற்க வேண்டும்.

நாலாவது, அந்த நிறுவனங்களில் பின்தங்கிய பாடசாலைப் பிள்ளைகளுக்கு, அரசு கட்டணம் கட்டும் ஒரு பங்கு.

கோரிக்கை நிறைவேறும் வரை தம்பியின் கோலுக்கு என்ன பதில் சொல்வது? கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள். இந்தப் பட்டத்தை யார் வழங்குகிறார்கள்? உள்ளூர் நிறுவனமே வழங்குகிறது என்றால், பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் இந்தக் குறிப்பிட்ட பாடநெறிக்கு வர்த்தமானி அங்கீகாரம் உண்டா? வெளிநாட்டுப் பட்டம் என்றால், அந்தப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். கம்பனியாகப் பதிவு செய்திருப்பதும், தொழிற்பயிற்சி நிறுவனமாகப் பதிவு செய்திருப்பதும் பட்டத்துக்கு அங்கீகாரம் ஆகாது. வைத்தியம், சட்டம், பொறியியல் என்றால் அந்தந்தத் தொழில் சபையிடமும் கேட்க வேண்டும். சைட்டம் சொல்லித்தந்த பாடம் அது. இடையில் விலகினால் காசு திரும்புமா என்று கேட்டு, பதிலைத் தாளில் வாங்குங்கள்.

ஈ.பீ.எப் காசை எடுப்பதற்காக அம்மாவை வேலையிலிருந்து விலகச் சொல்லாதீர்கள். அது அவரின் முதுமைக்கு இருக்கும் காசு. நாவலையில் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. அரச நிறுவனம், கட்டணம் உண்டு, ஆனால் வேலை செய்துகொண்டே படிக்கலாம். கண்டியிலும் அதற்கு நிலையம் உண்டு. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி இருக்கிறது. எங்கள் மலையகத்து ஆசிரியர்கள் பலர் அங்கிருந்து வந்தவர்கள். இவற்றையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கடைசியாகச் சங்கத்தின் வேலை. அரச பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பாடநெறிகளை விருப்ப வரிசையில் போடத் தெரியாமலே இடத்தை இழக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வழிகாட்டிக் கைந்நூல் தமிழிலும் இருக்கிறது, வாசித்துச் சொல்ல ஆள்தான் இல்லை. இந்த வருடம் முடிவு வந்ததும் இந்தக் கிளையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதற்காக ஒதுக்கப்படும். ஊரில் உள்ள தம்பி தங்கையின் பெயர், பாடசாலை, பாடப்பிரிவு, பரீட்சை எழுதும் வருடம் ஆகியவற்றை இன்று போகும்போது செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். தனியார் நிறுவனத்தின் கடிதமோ ஒப்பந்தமோ கையில் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால். போட்ட பிறகு சங்கம் செய்யக்கூடியது மிகக் குறைவு.